போத்துராஜாவும் அரை ஓர்க் மதகுருவும்

போத்துராஜா (போத்தராஜா, போர்மன்னன்) வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டில் இடம்பெறும் காவல் தெய்வம். வேலூர், ஆம்பூர், ஆற்காடு, திருவண்ணாமலை, செஞ்சி என்று விரியும் நிலத்தில், பாரதக் கூத்து நடக்கும் கோயில்களில், இத்தெய்வம் பெரும்பாலும் அம்மன் சன்னிதிக்கு வெளியே நிற்கும். உருட்டிய விழி, முறுக்கிய மீசை, ஒரு கையில் வாள், மறு கையில் வெட்டுண்ட தலை. கதைப்படி போர்மன்னன் பாண்டவர்களுக்கு எதிரி. கடும் பக்தன். வேறு எவரிடமும் இல்லாத பூசைக் கருவிகள் அவனிடம் இருக்கின்றன. வில்லனும் பூசாரியும் ஒரே உடலில் இருக்கும் கதைமாந்தர் அவன்.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் மேற்கத்திய மாயக்கதை விளையாட்டுகளில் இதற்கு நெருக்கமான வார்ப்பு ஒன்று உண்டு. மனிதத் தாய்க்கோ தந்தைக்கோ, ஓர்க் என்ற அரக்க இனத்தவரோடு பிறந்த கலப்புப் பிறவி. கொடிய தெய்வமொன்றின் மதகுரு. கதைநாயகர்கள் கடைசியில் வீழ்த்த வேண்டிய எதிரி. தமிழ் இளைஞர்களும் இவ்விளையாட்டுகளை ஆடுகிறார்கள், தங்கள் வில்லன்களைத் தாங்களே எழுதுகிறார்கள். அப்படி எழுதப்படும் அரை ஓர்க் மதகுருக்களில் பெரும்பாலானவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள்: மண்டையோட்டு மாலை, இரத்தம் வழியும் பலிபீடம், கரகரத்த சிரிப்பு. அரை அரக்கப் பூசாரியை நம் புராணமும் கூத்தும் நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கின்றன. இந்த அச்சைவிடக் கூர்மையாக, சில இடங்களில் இதைவிடக் கொடுமையாகவும்.

விளையாட்டின் பாத்திரம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்டனர். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். ஒருவர் நடத்துநர், உலகமும் அதிலுள்ள வில்லன்களும் அவர் பொறுப்பு. கூத்து பார்த்தவருக்கு இதை விளக்குவது எளிது. வாத்தியார் ஒருவர், வேடதாரிகள் சிலர், வசனத்தில் பாதி அன்றிரவு பிறப்பது. கூத்தில் முடிவு ஊருக்கே தெரியும், இங்கே பகடைக்குத்தான் தெரியும். அது ஒன்றுதான் வேறுபாடு.

ஓர்க் என்ற இனம் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலிலிருந்து இவ்விளையாட்டுக்குள் வந்தது. அந்நாவலிலேயே சாருமான் என்னும் மந்திரவாதியின் படையில் அரை ஓர்க்குகள் உண்டு. 1977இல் வந்த விளையாட்டின் அரக்கர் கையேடு ஓர்க்குகளைப் பன்றி மூக்கோடு காட்டியது. மறு ஆண்டு வந்த ஆட்டக்காரர் கையேடு அரை ஓர்க்கை ஆட்டக்காரரே ஏற்கக்கூடிய பாத்திரமாக்கியது. அதிலுள்ள எண்களைப் படிப்பது ஒரு சமூக ஆவணத்தைப் படிப்பதுபோல் இருக்கும். அரை ஓர்க்காகப் பிறந்தால் வலிமையில் ஒரு புள்ளி கூடும், உடலுறுதியில் ஒரு புள்ளி கூடும், பிறரைக் கவரும் தன்மையில் இரண்டு புள்ளி குறையும். மதகுருவாகலாம், ஆனால் நான்காம் படிநிலைக்கு மேல் ஏற முடியாது. போர்வீரனாகப் பத்து வரை போகலாம். கூலிக்குக் கொல்பவனாக மட்டும் தடையே இல்லாமல் உச்சி வரை போகலாம்.

இதில் கவனிக்காமல் தாண்டிவிடக் கூடிய ஒரு நுட்பம் இருக்கிறது. அதே நூலில் குள்ளர், எல்ஃப் போன்ற தூய இனங்களின் மதகுருக்கள் நடத்துநரின் பாத்திரங்களாக மட்டுமே வர முடியும். ஆட்டக்காரர் மதகுருவாக வேண்டுமானால் மனிதராக இருக்க வேண்டும், அல்லது பாதி மனிதராக. அரை ஓர்க்குக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்டது அவனுடைய மனிதப் பாதி. நான்காம் படியோடு நிறுத்தியது ஓர்க் பாதி. அனுமதிக்கு ஒரு பாதி, மறுப்புக்கு ஒரு பாதி. விதி எழுதியவர்கள் இப்படி யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள். விளையாட்டின் சமநிலைக்காக எழுதியிருப்பார்கள். ஆனால் கலப்புப் பிறவியை உலகம் நடத்தும் முறை அப்படியே அதில் பதிந்துவிட்டது.

ஓர்க்குகளின் தெய்வம் க்ரூம்ஷ், ஒற்றைக் கண்ணன். அவனைப் பற்றி விளையாட்டின் நூல்கள் ஒரு கதை சொல்கின்றன. ஆதியில் தெய்வங்கள் கூடி, எந்த இனம் எங்கே வாழ்வது என்று சீட்டுப்போட்டு நிலத்தைப் பங்கிட்டன. மலை குள்ளருக்கு, காடு எல்ஃபுக்கு, மனிதருக்கு விரும்பிய இடம். ஓர்க்குகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மற்ற தெய்வங்கள் சிரித்தன. க்ரூம்ஷ் ஈட்டியால் மலைகளைப் பிளந்து, இந்தப் பிளவுகளில் என் மக்கள் வாழ்வார்கள் என்றான். நிலம் மறுக்கப்பட்டவர்களின் தெய்வம். ஒரு வில்லன் மதகுருவுக்கு இதைவிட நல்ல வேதம் கிடைக்காது. ஆனால் எழுதப்படும் மதகுருக்களில் எத்தனை பேர் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்? பலிபீடத்தையும் ஒற்றைக் கண்ணையும் எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிடுகிறார்கள். குறை கேட்டவன் வெறும் கொடியவனாகச் சுருங்குவது அங்கேதான்.

மதுரையின் முதல் கொலை

அரை அரக்கப் புரோகிதர் என்ற கதைமாந்தரின் முழுமையான வடிவம் தமிழில் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் முதல் படலமே அதுதான்: இந்திரன் பழிதீர்த்த படலம். இந்திரன் மதிக்காததால் தேவகுரு வியாழன் விலகிப் போகிறார். குருவில்லாத தேவர்களுக்கு விசுவரூபன் என்பவன் குருவாகிறான். அவன் துவட்டாவின் மகன், மூன்று தலையுடையவன், அசுரர்களுக்கு உறவு. பாகவதம் அவன் தாயை அசுரகுலப் பெண் என்றே சொல்கிறது. அவன் தேவர்களுக்காக வேள்வி செய்கிறான். மனத்துக்குள் அசுரர்களின் நன்மையையும் வேண்டுகிறான். இந்திரன் அறிகிறான். மூன்று தலைகளையும் வெட்டுகிறான். அவை மூன்று பறவைகளாகப் பறக்கின்றன. இந்திரனைக் கொலைப்பழி பற்றுகிறது, பிராமணனைக் கொன்ற பழி. பின்னர் விருத்திரனைக் கொன்ற பழியும் சேர்ந்து அவனை வாட்ட, அது தீரக் கடம்பவனத்துச் சொக்கலிங்கத்தைத் தேடி வருகிறான். மதுரைக் கோயில் அங்கிருந்து எழுகிறது.

ஒரு பெரும் கோயிலின் தலபுராணம் அரை அசுரப் புரோகிதன் ஒருவனின் கொலையில் தொடங்குகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. விசுவரூபன் செய்த குற்றம் என்ன? தாய்வீட்டையும் நினைத்துக்கொண்டான். அவன் மந்திரம் பலித்தது, வேள்வி பலித்தது. பாகவதத்தில் இந்திரனைக் காக்கும் கவசத்தைக் கற்பித்தவனே அவன்தான். திறமையில் குறையில்லை, பக்தியில் குறையில்லை. அவனுடைய விசுவாசம் இரண்டாக இருந்தது. அவனைப் பதவியில் வைத்தவர்களுக்கு அவன் அரை அசுரன் என்று முதல் நாளே தெரியும். தெரிந்துதான் வைத்தார்கள். வேலை முடியும்வரை தந்தையின் பாதி கண்ணில் பட்டது. சந்தேகம் வந்தபோது தாயின் பாதி மட்டும் தெரிந்தது. கொன்ற பிறகு, பழிக்கணக்கு எழுதும் இடத்தில், மறுபடியும் தந்தையின் பாதி வந்து நிற்கிறது. கொல்லும்போது அசுரன், பழி எண்ணும்போது பிராமணன்.

இராவணன் கதையிலும் இதே கணக்கு. தந்தை விச்சிரவசு முனிவர், தாய் அரக்கர்குலக் கைகசி. சாமகானம் பாடிக் கயிலையானை உருக வைத்தவன் என்று ஒரு பக்கம், அரக்கன் என்று மறுபக்கம். அவனைக் கொன்ற பழி தீர இராமன் இராமேசுவரத்தில் லிங்கம் நிறுவியதாகத் தலபுராணம். அந்த வழிபாட்டுக்கு இராவணனே புரோகிதனாக வந்து, தன்னை வெல்லப்போகிறவனுக்கு வெற்றி வாழ்த்துச் சொன்னான் என்ற செவிவழிக் கதையும் நம்மிடம் உலவுகிறது. வில்லன் மதகுரு ஒருவனுக்கு இதைவிடப் பெரிய காட்சியை எந்த விளையாட்டு நடத்துநரும் எழுதிவிட முடியாது. எதிரி கேட்டாலும் மந்திரம் பிசகக் கூடாது என்று நினைக்கும் தொழில்நேர்மை அது. வில்லத்தனத்தைக் குறைக்காமலே ஆளை உயர்த்துகிறது.

பிறப்பு ஒருவனைத் தீர்மானிக்கிறதா என்ற கேள்விக்கு உத்தரகாண்டம் ஒரு விசித்திரமான பதில் சொல்கிறது. கைகசி கணவனிடம் வந்தது கொடிய வேளையில், ஆகவே பிள்ளைகள் கொடியவர்களாவார்கள் என்கிறார் முனிவர். அவள் மன்றாடியபின் கடைசிப் பிள்ளை தருமவானாவான் என்கிறார். இராவணன், கும்பகர்ணன், வீடணன் மூவருக்கும் ஒரே இரத்தம். ஒருவன் ஆள்கிறான், ஒருவன் தூங்குகிறான், ஒருவன் கட்சி மாறுகிறான். குற்றத்தை இரத்தத்திலிருந்து எடுத்து நேரத்தின் தலையில் வைத்தது புராணத்தின் சமாளிப்புத்தான். ஆனாலும் அது அரை ஓர்க்கின் எண்பட்டியலைவிடத் தாராளமானது. ஒரே வீட்டில் மூன்று விதமான பிள்ளைகள் பிறக்கலாம் என்றாவது அது ஒப்புக்கொள்கிறது.

புலவர் குழந்தையின் இராவண காவியம் (1946) வேறு வழியில் போனது. அது இராவணனை முழுத் தமிழனாக்கியது. 1948இல் தடை செய்யப்பட்டு 1971இல் தடை நீங்கிய அந்நூலின் அரசியல் தேவையைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் கதைமாந்தர் என்ற அளவில் அங்கே ஒன்று தொலைந்துபோனது. பாதி போய்விட்டது. தன்னுள் இரண்டு வீடு கொண்டவனுக்கு இருக்கும் இழுபறி முழுமையானவனுக்கு இல்லை.

இடையில் ஒரு வேடிக்கை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நம் ராட்சசனையும் எடுத்துக்கொண்டது, 1975இலேயே. ராமாயணத்திலிருந்து நேராக அல்ல, 1974இல் ஒளிபரப்பான கோல்சாக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் வழியாக. அரக்கர் கையேட்டில் ராட்சசன் புலித்தலையோடு, வீட்டு அங்கி அணிந்து, சுங்கான் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். மதகுரு ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டாலே அவன் செத்துவிடுவான். மந்திரம் ஓதுகிறவனே ராட்சசனாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அந்த நூலுக்குத் தோன்றவே இல்லை. நம்மிடம் அந்தக் கேள்விதான் கதையே.

எருமை ராஜா

இனிப் போத்துராஜா. வியாச பாரதத்திலும் வில்லிபுத்தூராரிலும் இவன் இல்லை. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்ல, இரவில் கூத்தாடும் திருவிழாவுக்குள், ஏட்டில் இல்லாத இந்த ஆள் கூத்தின் வழியாகவும் சன்னிதி வழியாகவும் நுழைந்து நிற்கிறான். செஞ்சிப் பகுதியை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபெய்டல் (முதல் தொகுதி 1988, இரண்டாவது 1991) இவனுக்கு நிறையப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். மதலேன் பியார்தோ 1989இல் வெளியிட்ட பிரெஞ்சு நூல், ஆந்திரத்துப் போத்துராஜுவையும் தமிழகத்துப் போத்துராஜாவையும் எருமையோடும் பலிக்கம்பத்தோடும் இணைத்துப் பார்க்கிறது. போத்து என்பது ஆண் விலங்கைக் குறிக்கும் பழைய சொல். தொல்காப்பிய மரபியலிலேயே உண்டு. தெலுங்கில் அது எருமைக் கடாவைச் சுட்டும். ஆகவே போத்துராஜா என்றால் எருமை ராஜா. அம்மன் கொன்ற மகிடனின் நிழல் அவன் மேல் விழுகிறது. பன்றி மூக்கு ஓர்க்குக்கும் இந்த எருமை ராஜாவுக்கும் இடையே உறவு எதுவுமில்லை. ஆனால் விலங்கும் அரசனும் பூசாரியும் ஓர் உருவில் சேர்ந்தால் மனிதர்களுக்கு எழும் அச்சம் ஒன்றுதான்.

போர்மன்னன் கதை ஊருக்கு ஊர் மாறும். பரவலாகச் சொல்லப்படும் வடிவில், குருட்சேத்திரப் போருக்கு முன் பாண்டவர்களுக்கு ஒரு தடை. வீரபம்பை, சாட்டை முதலான பூசைக் கருவிகள் இல்லாமல் போர் வெற்றி பெறாது. அவை போர்மன்னனிடம் இருக்கின்றன. கேட்டால் தரமாட்டான், சண்டையிட்டால் தோற்கமாட்டான். கண்ணன் கிழவியாகவும் அர்ச்சுனன் விஜயாம்பாள் என்ற பெண்ணாகவும் வேடமிட்டுப் போகிறார்கள். அவன் அந்தப் பெண்ணிடம் மயங்கிப் பொருட்களை ஒப்படைக்கிறான். ஏமாற்றப்பட்டதை அறிந்து துரத்தி வருகிறவனுக்குப் பாண்டவர்களின் தங்கையை மணமுடித்து, போரில் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்கிறார்கள். கையிலுள்ள தலை யாருடையது என்பதில் பல சொல்வழக்குகள். அது தரையில் விழுந்தால் பெருங்கேடு என்பதால் அவன் அதை இறக்கி வைப்பதே இல்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

இந்தக் கதையின் பலம் எங்கே இருக்கிறது? அறத்தின் கட்சிக்குத் தேவையான கருவி எதிரிப் பூசாரியிடம் இருக்கிறது என்பதில். தருமன் பக்கம் தருமம் உண்டு, கண்ணனே உண்டு. ஆனால் பறை கொட்ட அவர்களிடம் தோல் இல்லை. விளையாட்டில் தீய மதகுருவின் கருவிகள் தீயவை. அவனைக் கொன்றதும் உடைத்தெறிவார்கள். இங்கே அவை இல்லாமல் நல்லவர்களால் போரைத் தொடங்கவே முடியாது. அவன் பூசை பொய் என்று கதை எந்த இடத்திலும் சொல்வதில்லை. அவன் தெய்வம் அவனைக் கைவிடுவதும் இல்லை. அவன் தோற்பது பூசாரியாக அல்ல, ஆணாக.

வீரபம்பையைப் பற்றி நின்று பேச வேண்டும். பம்பை இரட்டை முழவு, இரண்டு உருளைகளை ஒன்றோடொன்று கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக் குச்சியால் அடிப்பார்கள். உடுக்கை, சிலம்போடு சேர்ந்து அது வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துத் திருவிழாக்களில் சாமியை வரவழைக்கும் கருவி. வேலூர்ப் பாலாற்றங்கரை மயானக்கொள்ளையிலும் பம்பைக்காரர் இல்லாமல் அம்மன் இறங்குவதில்லை. அதன் முகம் தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோலையே பிழைப்பாகக் கொண்ட ஊர்களின் நடுவே இக்கதை ஆடப்படும்போது அந்தத் தோல் வெறும் மேடைப்பொருளாக இருக்க முடியாது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், பின்னர் குரோமும் கொண்டு பதனிட்ட தோல், காலணியாகிக் கடல் கடந்து போகிறது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி மயிர் நீக்கியவரின் கையை ஊர் எப்படிப் பார்த்தது என்பது இப்பகுதியில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோல் தீட்டு, தோல் கட்டிய வாத்தியம் தெய்வத்தின் அழைப்பு. விசுவரூபனுக்குச் சொன்ன அதே கணக்கு: எந்தப் பாதி எப்போது தேவையோ அந்தப் பாதி.

போர்மன்னன் கதை இந்தக் கணக்கை வெளிப்படையாகப் போட்டுக் காட்டுகிறது என்பதே என் மதிப்பீடு. பாண்டவர்கள் அவனை வெல்லவில்லை. அவன் பொருளை எடுத்துக்கொண்டு, அவனை உறவாக்கி, அவனுக்கு வேலை கொடுக்கிறார்கள். அந்த வேலை வாசலில் நிற்பது. மருமகன்தான், ஆனால் உள்ளே வரமாட்டான். எதிரிப் பூசாரியைக் கொல்லாமல் காவலனாக்கியது பெருந்தன்மை என்று சிலர் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. கருவறைப் பூசையை நடத்தத் தெரிந்த ஒருவனைக் கையில் வாள் கொடுத்து வாசலில் நிறுத்தியதற்குப் பெருந்தன்மை என்று மட்டும் பெயர் வைக்க முடியாது.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி அண்மை நிகழ்வு ஒன்று இருக்கிறது. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியிலுள்ள திரௌபதி அம்மன் கோயில், பட்டியல் சாதி மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த மோதலால், அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. கதையில் எதிரி நாட்டு எருமை ராஜாவுக்குத் திரௌபதியின் கோயிலில் ஓர் இடம் உண்டு. அந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்கு அதே அம்மனைப் பார்க்கக் காவல்துறை வேண்டியிருந்தது. போத்துராஜாவைப் பற்றி எழுதுகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது.

கூத்தின் குறை

கூத்து இக்கதைமாந்தரை முழுதாகப் பயன்படுத்திவிட்டதென்று சொல்வதற்கில்லை. கட்டை வேடத்துக்கே உரிய வரவு அவனுக்கு ஏற்றது. திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடி, சலங்கை அதிர, திரை விலகும்போது புஜக்கீர்த்தியும் கிரீடமும் மின்ன வந்து நிற்பது. எந்த விளையாட்டு நூலும் தன் வில்லனுக்கு இப்படியொரு நுழைவைக் கொடுத்ததில்லை. சிக்கல் அதற்குப் பின் வருகிறது. விஜயாம்பாள் வந்ததும் கதையின் எடை முழுவதும் வேடிக்கைப் பக்கம் சாய்கிறது. ஆண் பெண் வேடம் போட, அந்தப் பெண் மேல் இன்னோர் ஆண் மயங்க, கட்டியங்காரன் இருவரையும் கிண்டலடிக்கக் கிடைத்த வாய்ப்பு அது; சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் தெய்வத்தின் கருவிகளை ஒரு பூசாரி கைவிடும் கணம் அந்தச் சிரிப்பில் கரைந்துவிடுகிறது. அவன் எதை இழக்கிறான் என்று அவனே சொல்ல ஒரு பாட்டு இருக்க வேண்டும். அபிமன்யுவுக்கு உண்டு, கர்ணனுக்கு உண்டு, களப்பலியாகும் அரவானுக்கு உண்டு. துரியோதனனுக்குக்கூடப் படுகளத்தில் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். போர்மன்னனின் கதை மாமன் மச்சான் ஆவதில் முடிந்துவிடுவதால் அவனுக்காக யாரும் அழுவதில்லை.

இதை ஈடுசெய்வது சிலைதான். கூத்து முடிந்து தீமிதியும் முடிந்து பந்தல் பிரித்தபிறகும் அந்தத் தலை கையில் இருக்கிறது. நாடகம் மறந்த துக்கத்தைச் சுதையோ கல்லோ ஆண்டு முழுவதும் ஏந்தி நிற்கிறது.

பாத்திரம் எழுதுகிறவர்களுக்கு

விளையாட்டின் விதிகளும் நின்றுவிடவில்லை. 1989இன் இரண்டாம் பதிப்புக் கையேடு அரை ஓர்க்கை நீக்கியது, 2000இன் மூன்றாம் பதிப்பு திரும்பக் கொண்டுவந்தது. 2024இல் வந்த கையேட்டில் அரை ஓர்க் மறுபடி இல்லை. ஓர்க் முழு இனமாகவே ஆட்டக்காரருக்கு ஏற்கக் கிடைக்கிறது, இனம் என்ற பழைய சொல்லும் மாற்றப்பட்டிருக்கிறது. பிறப்பால் தீயவன் என்ற கருத்தைக் கைவிட எடுத்த முயற்சி அது, வரவேற்கத்தக்கதுதான். ஆனால் இராவண காவியத்துக்கு நேர்ந்தது இங்கும் நேர்கிறது. அவமதிப்பை நீக்க எண்ணிப் பாதியையே நீக்கிவிட்டார்கள். கலப்புப் பிறவியை ஊர் எப்படி நடத்துகிறது என்று பேசவேண்டிய கதைமாந்தரே விதிநூலிலிருந்து போய்விட்டார்.

ஆகவே வேலூரிலோ ஆம்பூரிலோ உட்கார்ந்து ஒரு வில்லன் மதகுருவை எழுதப் போகிறவர், விதிநூல் தராததைச் சன்னிதி வாசலில் எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய மந்திரம் பலிக்கட்டும். ஊரில் நோயுற்றவர் இரவில் அவனிடம் ஒளிந்து வந்து குணமாகிப் பகலில் அவனைத் தெரியாததுபோல் நடக்கட்டும். நாயகர்களுக்குத் தேவையான ஒரு பொருள் அவனிடம் மட்டும் இருக்கட்டும், அதைக் கேட்டுப் பெற வழி இருந்தும் அவர்கள் ஏமாற்றிப் பெறட்டும். அவனைக் கொல்லாமல் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளும் முடிவையும் ஆட்டக்காரர்களுக்குத் திறந்து வைக்கலாம், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து.

கையிலுள்ள தலை நடைமுறையிலும் பயனுள்ள ஏற்பாடு. இப்போதைய விதிகளின்படி பெரும்பாலான மந்திரங்களுக்கு மதகுருவின் ஒரு கையாவது ஓய்ந்திருக்க வேண்டும், அல்லது அதில் அவன் தெய்வத்தின் புனிதச் சின்னம் இருக்க வேண்டும். ஒரு கையில் வாள், மறு கையில் இறக்கி வைக்க முடியாத தலை என்றால் அவனால் பெரும்பாலான மந்திரங்களை ஓத முடியாது. அவனை எழுதுகிறவர் ஆட்டம் தொடங்குமுன் முடிவு செய்துகொள்ள வேண்டும்: அந்தத் தலையே அவனுடைய புனிதச் சின்னமா, இல்லை ஒவ்வொரு மந்திரத்துக்கும் அவன் வாளைக் கீழே வைத்தாக வேண்டுமா.